சொந்தக் காரில் எல்லை தாண்டிச் சுற்றுலா: கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியதெல்லாம்

விமானத்தில் வெளிநாடு போனால் நீங்களும் உங்கள் பெட்டியும் போகிறீர்கள், அவ்வளவுதான். காரில் போனால் கூடவே ஒன்றரை டன் இரும்பும் நாடு விட்டு நாடு போகிறது. உங்களுக்கு அது கார். சுங்கத்துறைக்கு அது வரி கட்டாமல் உள்ளே வந்த சரக்கு. நாளைக்கே யாரிடமாவது அதை விற்றுவிட்டு நீங்கள் பஸ் ஏறி ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். எல்லையில் கேட்கிற பாதிக் கேள்விகளும் பாதிக் காகிதங்களும் இந்தச் சந்தேகத்தில் பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்கு எந்தக் காகிதம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தானாகவே புரியும்.

எனக்கு இது புரிய ஒரு பயணம் வீணாக வேண்டியிருந்தது. வண்டி அண்ணன் பெயரில் இருந்தது. பாஸ்போர்ட், விசா, ஓட்டல் முன்பதிவு எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன், வண்டிக் காகிதத்தை மட்டும் டேஷ்போர்டில் இருந்தபடியே விட்டுவிட்டேன். எல்லையில் இருந்த அதிகாரி பதிவுச் சான்றிதழைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி சான்றிதழைப் பார்த்தார். "இவர் எங்கே?" "வீட்டில் இருக்கிறார்." "அப்படியென்றால் வண்டியும் வீட்டுக்கே போகட்டும்." ஒரே ஒரு பக்கக் கடிதம் கையில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அன்றைக்குப் பிறகு நான் முதலில் எடுப்பது வண்டியின் காகிதத்தைத்தான், ஆட்களுடையது அப்புறம்.

1. எந்த எல்லை, எந்தச் சாவடி (இரண்டு மாதம் முன்னால்)

இரண்டு நாடுகளுக்கு நடுவே பத்துச் சாவடிகள் இருக்கலாம், ஆனால் வெளிநாட்டுக்காரரின் கார் எல்லாவற்றிலும் போக முடியாது. சிலவற்றில் நடந்துதான் தாண்டலாம், சில அந்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கு மட்டும், சில இரவில் மூடிவிடும். மேப் ஆப் இதையெல்லாம் பார்க்காது, குறுக்கு வழி எங்கே இருக்கிறதோ அங்கே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அதனால் முதலில் சாவடியின் பெயரைத் தெரிந்துகொண்டு, அது இரு பக்கத்திலும் எத்தனை மணி வரை திறந்திருக்கும், சுற்றுலா வண்டிக்கான சுங்க வேலை அங்கே நடக்குமா என்று அந்தந்த நாட்டின் சுங்கத்துறைத் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இடையில் வரும் நாட்டையும் கணக்கில் எடுங்கள். குரோஷியாவில் டுப்ரோவ்னிக் நகருக்குத் தரை வழியாகப் போக, 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறக்கும் வரை, போஸ்னியாவில் நேயும் என்கிற ஊர் இருக்கும் கடற்கரைத் துண்டைத் தாண்டியே ஆக வேண்டியிருந்தது. சில கிலோமீட்டர்தான், ஆனாலும் அது இன்னொரு நாடு: இன்ஷூரன்ஸ் அங்கேயும் செல்ல வேண்டும், விசா இருந்தால் அது பல முறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே முறை நுழையும் விசாவில் வெளியே போய் திரும்பி வர நினைத்தால் அன்றோடு விடுமுறை முடிந்தது. வரைபடத்தில் உங்கள் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் "ஆளுக்கு என்ன வேண்டும், வண்டிக்கு என்ன வேண்டும்" என்று இரண்டு தனித்தனிக் கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

2. வண்டி யாருடையது

பதிவுச் சான்றிதழின் அசல் வேண்டும். நகல், போனில் இருக்கும் படம், இவையெல்லாம் உள்ளூர்ப் போலீஸ்காரரிடம் செல்லலாம், சுங்க அதிகாரியிடம் செல்லாது. அதிலிருக்கும் பெயரும் ஓட்டுகிறவரின் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் விரிவாகப் பின்னாலும் இருப்பது நம்மில் பலருக்கும் உள்ள தொல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட இன்னொரு அடையாள அட்டையைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

வண்டி வேறு யார் பெயரிலாவது இருந்தால், அது மனைவி பெயரானாலும் சரி, அனுமதிக் கடிதம் கட்டாயம். கடிதத்தில் இருக்க வேண்டியது: உரிமையாளர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், ஓட்டுகிறவரின் அதே விவரம், வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண், எந்தெந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கையெழுத்து. நோட்டரி முத்திரை இருந்தால் மதிப்பு கூடும். போகிற நாட்டு மொழியில் ஒரு மொழிபெயர்ப்பும் பின் செய்துவிடுங்கள்.

கடன் முடியாத வண்டி என்றால் உண்மையான உரிமையாளர் வங்கிதான் என்று சில நாடுகள் எடுத்துக்கொள்ளும். மெக்சிகோவுக்குள் கடனில் இருக்கும் வண்டியைக் கொண்டுபோக, கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். கம்பெனி வண்டி, லீஸ் வண்டி எல்லாவற்றுக்கும் இதே கதை. பிரிட்டனில் வாடகைக்கும் லீசுக்கும் எடுத்த வண்டியை வெளியே கொண்டுபோக விஇ103 என்று தனிச் சான்றிதழே இருக்கிறது, ஏனென்றால் அசல் பதிவுப் புத்தகம் உங்கள் கையில் இருக்காது.

வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "எல்லை தாண்டலாம் சார், பிரச்சினையில்லை" என்று கவுன்டரில் வாயால் சொன்னது எதற்கும் உதவாது. எந்த நாடு என்று பெயர் போட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் தாண்டினால் அந்த நிமிடமே இன்ஷூரன்ஸ் காலாவதி ஆனது போலத்தான். பெரும்பாலான வாடகை வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

3. வண்டிக்கான "விசா"

இங்கேதான் நாட்டுக்கு நாடு முறை மாறுகிறது, இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

சில இடங்களில் ஒன்றுமே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பதிவு வண்டியோடு வரும் சுற்றுலாப் பயணிக்குப் பொதுவாக 6 மாதம் வரை வரியில்லாமல் ஓட்டிக்கொள்ள விடுகிறார்கள், பெரும்பாலும் காகிதமே இல்லாமல். ஆனால் அந்தச் சலுகை வெளிநாட்டில் வசிக்கிற உங்களுக்குத்தான். "நீ ஊருக்குப் போய்விட்டு வா, வண்டி இங்கேயே இருக்கட்டும், நான் ஓட்டிக்கொள்கிறேன்" என்று அங்கேயே வசிக்கும் மச்சான், நீங்கள் ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்தால், வரி கட்டாத வண்டியை உள்ளூர்க்காரர் ஓட்டுகிறார் என்று ஆகிவிடும். அன்பாகச் செய்யும் இந்தக் காரியத்தில் வண்டி பறிமுதல் வரை போகலாம்.

சில இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும் வெளிநாட்டு வண்டிக்கு நுழைவு அனுமதியும் ஆட்டோபாஸ் அட்டையும் தேவை. மறுபக்கம் மலேசியாவும் சிங்கப்பூர் வண்டிகளுக்கு இதே மாதிரி அனுமதி கேட்கிறது, 2025 ஜூலையிலிருந்து இல்லாதவர்களுக்கு அபராதம். நேபாளத்துக்குள் இந்திய வண்டி போனால் எல்லையிலேயே பன்சார் என்கிற சுங்க அலுவலகத்தில் நாள் கணக்கில் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் கூடத் தங்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

மெக்சிகோவில் எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்ளே போனால் தற்காலிக வாகன இறக்குமதி அனுமதி வேண்டும், பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்குத் தேவையில்லை. வண்டி எந்த வருட மாடலோ அதற்கேற்ப ஒரு டெபாசிட்டும் வாங்குகிறார்கள். வெளியே வரும்போது அந்த அனுமதியை அவர்களுடைய கவுன்டரில் நிறுத்தி ரத்து செய்துவிட்டு வர வேண்டும். நேராக எல்லையைத் தாண்டிவிட்டால் டெபாசிட் போச்சு, அடுத்த முறை அந்த வண்டிக்கு அனுமதியும் கிடைக்காது. பலர் ஞாயிற்றுக்கிழமை இரவு நீள வரிசையைப் பார்த்துவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். செய்யாதீர்கள்.

எல்லாவற்றிலும் கனமானது கார்னே. முழுப் பெயர் கார்னே தெ பஸாஜ் ஆன் துவான், வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்குள் வெளியிலிருந்து வண்டி கொண்டுபோக இது கேட்கப்படும். உங்கள் நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கும், சாதாரணமாக ஒரு வருடம் செல்லும், வண்டியின் மதிப்பை ஒட்டி ஒரு பெரிய தொகையையோ வங்கி உத்தரவாதத்தையோ பிணையாக வைக்க வேண்டும். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு புத்தகத்திலேயே தங்கும், அதில் உள்ளே வந்த முத்திரை, வெளியே போன முத்திரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் வண்டி இன்னும் அந்த நாட்டிலேயே இருக்கிறது என்று பொருள், இறக்குமதி வரி உங்கள் பிணையிலிருந்து போகும். வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை ஆரம்பியுங்கள்.

4. லைசென்ஸ்

சர்வதேச ஓட்டுநர் அனுமதி, எல்லோரும் ஐடிபி என்று சொல்வது, தனி லைசென்ஸ் கிடையாது. உங்கள் லைசென்சின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். அசல் லைசென்ஸ் கூட இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் இதை வாங்க முடியும், அதுவும் கிளம்புவதற்கு முன்னால்; "ஆன்லைனில் பத்து நிமிடத்தில் ஐடிபி, மூன்று வருடம், பத்து வருடம்" என்று விற்கும் தளங்களில் வாங்கியதைப் போலீஸ் ஒரு நினைவுப் பொருளாகத்தான் பார்க்கும்.

ஐடிபியில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. 1949 ஜெனிவா ஒப்பந்தப்படியானது ஒரு வருடம் செல்லும், 1968 வியன்னா ஒப்பந்தப்படியானது மூன்று வருடம் வரை. உங்கள் நாடு எதைக் கொடுக்கிறது, போகிற நாடு எதை ஏற்கிறது, இரண்டும் பொருந்த வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் கொடுப்பது 1949 வகை. வியட்நாம் ஏற்பது 1968 வகையை மட்டும். அதாவது கையில் முறையான ஐடிபி இருந்தும் அங்கே நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர்தான். சீனா இரண்டையுமே ஏற்பதில்லை. மறுபக்கம், ஆசியான் நாடுகள் ஒன்றின் லைசென்சை மற்றொன்று ஏற்க 1985-லேயே உடன்பாடு செய்துகொண்டன.

மாற்றி மாற்றி ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஓட்டும் எல்லோருக்கும் இது வேண்டும், எல்லோர் பெயரும் இன்ஷூரன்சிலும் இருக்க வேண்டும்.

5. இன்ஷூரன்ஸ்: எந்த நிற அட்டை

உங்கள் பாலிசி எல்லைக் கோட்டில் நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். நீளும் என்றால் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வரட்டும்.

உலகத்தின் பல பகுதிகள் இதற்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன, வேடிக்கையாக ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியும் பச்சை அட்டை, 1953-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரபு நாடுகளுக்கு ஆரஞ்சு அட்டை, கிழக்கு மற்றும் தெற்கு ஆப்பிரிக்காவில் கோமேசா என்கிற நாடுகளின் கூட்டமைப்பு தரும் மஞ்சள் அட்டை, மேற்கு ஆப்பிரிக்காவில் பழுப்பு அட்டை. பெயர்தான் பச்சை அட்டை. 2020 ஜூலையிலிருந்து அதைச் சாதாரண வெள்ளைத் தாளிலேயே அச்சடிக்கலாம், பச்சையாக இல்லையே என்று பயப்பட வேண்டாம். அதில் நாடுகளின் எழுத்துக் குறியீடு கட்டம் கட்டமாக இருக்கும். எந்தக் கட்டத்தின் மேல் குறுக்குக் கோடு அடித்திருக்கிறதோ அந்த நாட்டில் அது செல்லாது. கையில் வாங்கியதும் அந்தக் கட்டங்களைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இந்த அட்டைகள் முக்கியமாக நீங்கள் பிறருக்குச் செய்யும் சேதத்துக்குத்தான். உங்கள் வண்டி நொறுங்கினால், திருடு போனால், வழியில் நின்றுவிட்டால் அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். வண்டியை இழுத்து வருவது, தேவைப்பட்டால் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது, இரண்டும் அடங்கிய சாலை உதவித் திட்டத்தை எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து கனடா போகிறவர்கள் தங்கள் கம்பெனியிடம் கனடாவுக்கான அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மெக்சிகோவில் அமெரிக்கப் பாலிசியைப் பொறுப்புக் காப்பீடாக ஏற்க மாட்டார்கள், மெக்சிகோ பாலிசி தனியாக எடுக்க வேண்டும். அது இல்லாமல் மோதினால், யார் மேல் தவறு என்று தெளிவாகும் வரை உள்ளே உட்கார வைக்கவும் முடியும்.

6. ஆட்கள்

இதை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள், அதனால் வேகமாகப் போகிறேன். பாஸ்போர்ட்டில் 6 மாதத்துக்கு மேல் ஆயுள், முத்திரை குத்த வெற்றுப் பக்கங்கள், தரை எல்லைக்கும் செல்லுகிற விசா. சில நாடுகளின் விமான நிலைய விசா, மின் விசா தரைச் சாவடியில் செல்லாது. மலேசியா 2024-லிருந்தும் தாய்லாந்து 2025 மே மாதத்திலிருந்தும் டிஜிட்டல் வருகை அட்டை கேட்கின்றன, இரண்டையும் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கிற தளத்தில் நீங்கள் இருந்தால் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு போனால் அவன் பெற்றோர் இருவரின் கடிதமும் வேண்டும். அதிகாரி குழந்தையிடமே "இவர் யார்?" என்று கேட்பார், முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வெட்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

பழைய வழக்குகளும் எல்லையில் எழுந்து வரும். குடித்துவிட்டு ஓட்டியதைக் கனடா 2018 டிசம்பரிலிருந்து கடுமையான குற்றமாக வகைப்படுத்தியிருக்கிறது, பல வருடத்துக்கு முந்தைய தண்டனைக்கும் திருப்பி அனுப்பிவிட முடியும்.

நாய் வந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகு வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு 21 நாள் காத்திருப்பு. ஊசி முதலில், சிப் பிறகு என்றால் அந்த ஊசி கணக்கில் சேராது.

7. டிக்கியைக் காலி செய்யுங்கள்

காரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. உண்மையாகச் சொல்லுங்கள், ஸ்டெப்னிக்கு அடியில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, மிதியடியைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, கதவுப் பைகளைக் கவிழ்த்து, திரும்பத் தேவையானதை மட்டும் வையுங்கள். ஒருமுறை என் வண்டியில் பழைய பேனாக்கத்தி ஒன்றும், யாரோ நண்பர் விட்டுப்போன பெயர் தெரியாத மாத்திரைப் பட்டை ஒன்றும் கிடைத்தன. அதிகாரி கையில் கிடைத்திருந்தால் "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லியிருப்பேன், அதை எல்லோரும் சொல்வார்கள்.

மருந்து அதன் சொந்த அட்டைப் பெட்டியில், உங்கள் பெயர் போட்ட மருந்துச் சீட்டோடு இருக்கட்டும். ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது அங்கே போதைப் பொருள் பட்டியலில் இருக்கலாம். கோடீன் கலந்த மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். பெப்பர் ஸ்பிரே கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். கஞ்சா கனடாவில் 2018-லிருந்து சட்டப்படி விற்கிறது, ஆனால் எல்லையைத் தாண்டி எந்தப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. மெக்சிகோவுக்குள் மறந்துபோய் ஒரே ஒரு தோட்டா இருந்தால்கூட ஜெயில் வாசல் தெரியும்.

சாப்பாட்டில், இறைச்சியும் பாலும் சேர்ந்தவற்றை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொதுவாக விடமாட்டார்கள், சாண்ட்விச் உட்பட. பழம், விதை, மண் ஒட்டிய செடி, கூடாரம் போட்டு எரிக்க எடுத்துப்போகும் விறகு எல்லாவற்றிலும் பூச்சி பயணம் செய்யும் என்பதால் கெடுபிடி உண்டு. சந்தேகமாக இருந்தால் எடுத்துப் போகாதீர்கள், எடுத்துவிட்டால் அறிவித்துவிடுங்கள். அறிவித்த ஆப்பிள் குப்பைத் தொட்டிக்குப் போகும், மறைத்த ஆப்பிளுக்கு அபராதம்.

ரொக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவைத் தொட்டாலும், அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினாலும் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் குடும்பத்தோடு போனால் மொத்தத்தையும் கூட்டித்தான் கணக்கு, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்து வைப்பதால் பலனில்லை.

விலை கூடிய கேமரா, லேப்டாப் இருந்தால் வாங்கிய ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வசிப்பவர்கள் கிளம்பும்போதே 4457 எண் படிவத்தில் அவற்றைப் பதிந்துகொள்ள முடியும். திரும்பும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

8. வண்டியைத் தயார் செய்வது

சர்வீஸ், டயர், பிரேக், பேட்டரி எல்லாம் எப்போதும் போல. ஆனால் சர்வீசைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் விடாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் விட்டு, கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மாற்றுச் சாவியை வேறொருவர் பையில் வையுங்கள். வெளிநாட்டில் சாவி தொலைந்தால் உங்கள் மாடலுக்கு அங்கே ஆளே இல்லாமல் போகலாம்.

அந்த நாட்டுச் சட்டம் வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்கிறது என்று பாருங்கள். எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேலாடை. மேலாடையை டிக்கியில் வைத்தால் பிரயோசனமில்லை, இறங்குவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளத்தானே அது. பிரான்சில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றே விதி. வண்டி எந்த நாட்டுடையது என்று காட்டும் எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளின் பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28-லிருந்து செல்லாது, யூகே என்று இருக்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டின் கார் வலப்பக்க நாட்டுக்குள் போனால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதற்கு விளக்கில் ஒட்டும் பட்டைகள் விற்கின்றன, சில புதிய கார்களில் மெனுவிலேயே மாற்றலாம்.

சாலைக் கட்டணம் இன்னொரு பொறி. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, செக் குடியரசு, ஹங்கேரி நெடுஞ்சாலைகளுக்குச் சுங்கச்சாவடிக்குப் பதில் வின்யெட் என்கிற முன்கூட்டிய அனுமதி. சாவடி இல்லையே, இலவசம் போல என்று ஓட்டினால் கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெர்மனியின் பல நகர மையங்களுக்குள் நுழையப் பச்சை மாசு ஸ்டிக்கர் வேண்டும். அங்கேயே பனிக்காலம் என்றால், 2024 அக்டோபரிலிருந்து மலையும் பனித்துகளும் பொறித்த சின்னம் உள்ள டயரைத்தான் குளிர்கால டயராக ஏற்கிறார்கள்.

எரிபொருள் விஷயத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். ஸ்பெயினில் காஸோலினா என்றால் பெட்ரோல். இத்தாலியில் காஸோலியோ என்றால் டீசல். காதில் இரண்டும் ஒன்று போலத்தான் விழும், எஞ்சின் மட்டும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். நிறத்தையும் நம்பாதீர்கள்: ஐரோப்பாவில் பச்சைக் குழாய் பெரும்பாலும் பெட்ரோல், அமெரிக்காவில் பச்சைக் குழாய் பெரும்பாலும் டீசல். ஐரோப்பாவில் 2018-லிருந்து வட்டத்துக்குள் இ5, இ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்று இருந்தால் டீசல், வடிவத்தைப் பார்த்துப் போடுங்கள். மூடியின் உள்பக்கம் நீங்களே ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் வாடகை வண்டியிலும் குழப்பம் வராது.

எரிபொருளுக்கும் எல்லை விதி உண்டு. சிங்கப்பூர் வண்டி மலேசியாவுக்குக் கிளம்பும்போது தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும், முள் கீழே இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மறுபக்கம் மானிய விலை ரான்95 பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு வண்டிக்குப் போடக் கூடாது. மின்சாரக் கார் என்றால் பிளக் வகை பொருந்துமா, சார்ஜ் ஆப்பில் உங்கள் கார்டு செல்லுமா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

போன் பக்கம் சுருக்கமாக: அந்த நாட்டு மேப்பை இறக்கி வையுங்கள், எல்லையில் சிக்னல் இரண்டு நாட்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். வங்கியிடம் சொல்லிவிடுங்கள். அவசர எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் 911.

9. சாவடியில்

எல்லை என்றால் ஒரு சாவடி இல்லை, பொதுவாக இரண்டு: முதலில் உங்கள் நாடு உங்களை வெளியே விட வேண்டும், அப்புறம் அந்த நாடு உள்ளே விட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு ஜன்னல், வண்டிக்கு ஒரு ஜன்னல். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று சந்தோஷத்தில் கிளம்பி, சுங்கத்துறை ஜன்னலைத் தவறவிடுகிறவர்கள்தான் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். தடுப்புக் கம்பம் திறந்தே இருந்தாலும் இறங்கிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வரிசையில் நிற்கும்போதே தயாராகிவிடுங்கள். பாஸ்போர்ட்டுகளை உறையிலிருந்து எடுத்து, உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி அடுக்கி, மேலே வண்டிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ். பாட்டை நிறுத்தி, கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, எல்லா ஜன்னலையும் இறக்கி, இரவு என்றால் உள்விளக்கைப் போட்டு, அதிகாரி அருகில் வந்ததும் எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், வண்டி யாருடையது, ஏதாவது அறிவிக்க வேண்டியது இருக்கிறதா: கேட்டதற்கு மட்டும் பதில். நகைச்சுவை வேண்டாம். பின் சீட்டிலிருந்து இன்னொருவர் திருத்தவும் வேண்டாம், "நாலு நாள்" "இல்லை, அஞ்சு நாள்" என்று ஆரம்பித்தாலே ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். போனையும் டேஷ்கேமையும் அணைத்துவிடுங்கள், சாவடியைப் படம் எடுப்பது பல நாடுகளில் குற்றம்.

ஓரமாக நிறுத்தச் சொன்னால் பதற வேண்டாம். டிக்கியைத் திறக்கச் சொல்லும்போது எந்தப் பொத்தான் என்று தடுமாறாமல் இருந்தால் போதும்.

காகிதம் திரும்பக் கைக்கு வந்ததும் ஜன்னலிலேயே நின்று படியுங்கள்: பதிவு எண் சரியா, தேதி சரியா, எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு எழுத்து மாறியிருந்தால் அங்கேயே ஒரு நிமிட வேலை, வெளியேறும்போது அரை நாள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

10. உள்ளே போன பிறகு

இடம் வலம் மாறும் எல்லையில், தாய்லாந்திலிருந்து லாவோஸ் போவது போல, முதல் ஒரு மணி நேரம் ஆபத்தில்லை. அப்போது எல்லோரும் விழிப்பாகத்தான் இருப்பார்கள். மறுநாள் காலை காலியான பெட்ரோல் பங்கிலிருந்து தனியாகச் சாலைக்குத் திரும்புகிறீர்களே, கை தானாகப் பழைய பக்கம் திருப்புவது அப்போதுதான். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

வேகப் பலகையில் எண் மட்டும்தான் இருக்கும், அலகு மாறியிருக்கும். வட அயர்லாந்திலிருந்து அயர்லாந்துக்குள் போகையில் சாவடியே கிடையாது, சாலையோரக் கோட்டின் நிறம் மாறுவதைக் கவனித்தால் உண்டு. மைல் கணக்கு அங்கேயே கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. ஹங்கேரி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ருமேனியாவில் ஓட்டுகிறவர் ஒரு சொட்டு மதுகூட எடுத்திருக்கக் கூடாது. வேகக் கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆப் பிரான்சிலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சட்டத்துக்கு எதிரானது, கிளம்பும்போதே அந்த எச்சரிக்கை வசதியை அணைத்துவிடுங்கள்.

11. திரும்பும்போது

வெளியேறுவதற்குக் கடைசி நாளை வைக்காதீர்கள், அனுமதி முடிய ஒரு நாளாவது மிச்சம் இருக்கட்டும். வண்டி பழுதாகி உள்ளேயே நின்றுவிட்டால், அதை விட்டுவிட்டு விமானம் ஏறுவதற்கு முன்னால் அந்த நாட்டுச் சுங்க அலுவலகத்தில் சொல்லி எழுத்தில் நீட்டிப்பு வாங்குங்கள். பாஸ்போர்ட்டிலேயே வண்டியைப் பதியும் நாடுகளில் வண்டி இல்லாமல் உங்களை வெளியே விடமாட்டார்கள்.

வண்டியின் வெளியேற்ற முத்திரை விழுந்ததும் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து, அசலையும் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டு அபராதம் சில மாதம் கழித்தும் தபாலில் வரும், வாடகை வண்டி என்றால் அவர்களுடைய கட்டணமும் சேர்ந்து வரும். அந்தத் தேதியில் உங்கள் வண்டி அங்கே இல்லை என்று காட்ட அந்த முத்திரை ஒன்றுதான் சாட்சி. கார்னே எடுத்தவர்கள் புத்தகத்திலேயே தங்கிய எல்லாத் துண்டிலும் இரண்டு முத்திரையும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, சொந்த நாட்டுக்குள் நுழைந்த முத்திரையும் வாங்கி, புத்தகத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் பிணைத் தொகை திரும்ப வரும்.